பறக்கும் காருக்கு ஒரு மூக்கணாங்கயிறு

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய கார் அது. என்ஜினில் சக்தி இருக்கிறது. சாலை நேராக இருக்கிறது. வேகத்துக்குத் தடை போடும் பலகை இல்லை. மறிக்கப் போலீஸ்காரரும் இல்லை. ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கிறார். முள் 200-ஐத் தாண்டுகிறது. 230... 240... 250... அவ்வளவுதான்! அதற்கு மேல் முள் நகர மறுக்கிறது. என்ஜின் திணறவில்லை. புகை வரவில்லை. கோளாறு எதுவும் இல்லை. "இது போதும்" என்று வண்டியே சொல்லிவிடுகிறது.

ஜெர்மனி நாட்டின் "ஆட்டோபான்" எனப்படும் விரைவுச் சாலைகளில் இப்படி நடப்பது அதிசயம் அல்ல. கோடிக் கணக்கில் விலை பெறும் கார்களுக்கு, அவற்றைச் செய்த கம்பெனிகளே மூக்கணாங்கயிறு போட்டு அனுப்பியிருக்கின்றன. முரட்டுக் காளையை அடக்குவது கனத்த சங்கிலி அல்ல. மூக்கில் ஓடும் மெல்லிய கயிறுதான். காரில் அந்தக் கயிறு, கம்ப்யூட்டரின் நினைவில் எழுதி வைத்த ஓர் எண்.

அந்த எண் எப்படி வேலை செய்கிறது? அதை எழுதியவர் யார்? யாரைக் காப்பதற்காக எழுதினார்? லாரியும் டாக்சியும் ஓட்டிப் பிழைக்கும் நம்மவர்களுக்கும் இந்தக் கேள்விகளில் பங்கு உண்டு.

இரும்புக் குண்டிலிருந்து கம்ப்யூட்டர் வரை

ஓடும் எந்திரத்தின் வேகத்தை அந்த எந்திரத்தைக் கொண்டே அடக்கும் யோசனை பழையது. 1788-ம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் தமது நீராவி என்ஜினில் சுழலும் இரண்டு இரும்புக் குண்டுகளைப் பொருத்தினார். என்ஜின் வேகமாக ஓடினால் குண்டுகள் விரிந்து மேலே எழும்பும். எழும்பும்போது நீராவி வரும் வழியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் குண்டுகள் இறங்கும். வழி மறுபடி திறக்கும். அதற்குப் பெயர் "கவர்னர்".

டீசல் லாரிகளின் பம்பிலும் நெடுங்காலமாக ஒரு கவர்னர் இருந்து வந்திருக்கிறது. பம்பில் உள்ள திருகை ஓர் அளவில் நிறுத்தி, ஈய முத்திரை வைத்து விடுவார்கள். ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. பந்தயக் கார் போன்ற வண்டிகளில் இன்று இருப்பதும் அதன் பேரன்தான். குண்டுகளுக்குப் பதில் மின்சாரத் துடிப்பு. திருகுக்குப் பதில் கம்ப்யூட்டர்.

பற்களை எண்ணும் காவல்காரன்

காரின் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் பற்கள் வெட்டிய வளையம் ஒன்று சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிறது. பக்கத்தில் அசையாமல் இருக்கும் சிறு உணர்கருவி, ஒவ்வொரு பல்லும் தன்னைக் கடக்கும்போது ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. பிரேக் போடும்போது சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். ஏற்பாட்டுக்காக வைத்தது இது. அதே கணக்கு வேகத்தை அறியவும் பயன்படுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயரின் சுற்றளவு 2 மீட்டர். வளையத்தில் 48 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 250 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 69 மீட்டர். அதாவது சக்கரம் விநாடிக்கு சுமார் 35 முறை சுழல்கிறது. அப்போது விநாடி ஒன்றுக்கு 1,600-க்கும் மேற்பட்ட துடிப்புகள் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். நாம் கண் சிமிட்டும் நேரத்தில் அது நூற்றுக் கணக்கில் எண்ணி முடித்துவிடும்.

எண்ணி வந்த வேகத்தைத் தன் நினைவில் உள்ள எண்ணோடு கம்ப்யூட்டர் ஒப்பிடுகிறது. குறைவாக இருந்தால் சும்மா இருக்கும். நெருங்கினால் கையை நீட்டும்.

கணக்கு முழுவதும் சக்கரத்தின் சுற்றை நம்பியது என்பதையும் கவனிக்க வேண்டும். கம்பெனி சொன்ன அளவை விட்டுப் பெரிய டயரை மாட்டினால், ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும். பற்களின் எண்ணிக்கை மாறாது. கம்ப்யூட்டர் நினைப்பதைவிட வண்டி வேகமாக ஓடும். அளவு மாறிய டயர், காவல்காரனின் கண்ணைக் கட்டியதற்குச் சமம்.

கால் கேட்கும், கம்ப்யூட்டர் கொடுக்கும்

பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து என்ஜினுக்கு ஒரு கம்பி ஓடும். மிதித்தால் கம்பி இழுக்கும். காற்று புகும் வாயிலில் உள்ள தகடு திறக்கும். காலுக்கும் என்ஜினுக்கும் நேரடி உறவு. இடையில் வேறு யாரும் கிடையாது.

இப்போது அந்தக் கம்பி இல்லை. மிதியின் அடியில் உள்ள உணர்கருவி, கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை மட்டும் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. தகட்டைத் திறப்பது ஒரு சிறு மின்மோட்டார். அதற்கு உத்தரவு போடுவது கம்ப்யூட்டர். ஆபீசில் லீவு கேட்டு மனுப் போடுவதைப் போலத்தான் இது! மனு போடுவது கால். கையெழுத்துப் போடுவது கம்ப்யூட்டர். 1987-ல் வெளிவந்த 12 சிலிண்டர் பி.எம்.டபிள்யூ. 750 காரில் இந்த ஏற்பாடு இருந்தது. 250-ல் நிறுத்தப்பட்ட கார்களில் பெயர் பெற்றதும் அதுதான்.

வேகத்தை நிறுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லையைத் தொட்டவுடன் பெட்ரோலை வெட்டிவிடுவது. வேகம் சற்று இறங்கியதும் மறுபடி விடுவது. செலவில்லாத வழி, ஆனால் வண்டி இழுத்து இழுத்து விட்டது போல் குலுங்கும். இரண்டாவது நயமான வழி. எல்லைக்குச் சில கிலோமீட்டர் முன்பிருந்தே தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி வருவது. காற்றின் எதிர்ப்பைச் சமாளிக்க எவ்வளவு சக்தி வேண்டுமோ அவ்வளவு மட்டும் கொடுத்து, வண்டியை அதே வேகத்தில் நிறுத்தி வைப்பது. விலை உயர்ந்த கார்களில் இந்த இரண்டாவது வழியே இருக்கும். கயிறு இழுப்பது காளைக்கே தெரியாது.

மின்சாரக் காரில் காரியம் இன்னும் சுலபம். அங்கே தகடும் இல்லை, பெட்ரோலும் இல்லை. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்தால் போதும்.

ஒன்று மறக்கக் கூடாது. இந்தக் கருவி சக்தியைக் கொடுக்க மறுக்கும். அவ்வளவே! பிரேக் போடுவது அதன் வேலை அல்ல. செங்குத்தான இறக்கத்தில் வண்டி தன் பாரத்தாலேயே எல்லையைத் தாண்டி ஓடக்கூடும். மலைச் சாலையில் லாரி ஓட்டுகிறவர்கள் மனதில் எழுதி வைக்க வேண்டிய பாடம் இது.

ஒரு கிராம் ரப்பர் ஒன்றரைக் கிலோ!

எதற்காக நிறுத்த வேண்டும்? என்ஜின் தாங்காதா? என்ஜின் தாங்கும். தாங்காதது டயர்.

விநாடிக்கு 35 முறை சுழலும் டயரின் ரப்பர், வெளியே பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கிறது. 250 கிலோமீட்டர் வேகத்தில் டயரின் விளிம்பில் உள்ள ஒரு கிராம் ரப்பர், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை போல இழுக்கும். அதோடு, தரையைத் தொடும் இடத்தில் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. நசுங்கி நிமிரும்போது சூடு பிறக்கிறது. வேகம் ஏற ஏற, ஒரு முறை நசுங்கியது நிமிர்வதற்குள் அடுத்த முறை வந்துவிடும். டயரின் மேல் அலை அலையாக மடிப்பு விழும். சூடு எல்லை மீறினால் அடுக்குகள் பிரியும். பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் டயரின் பக்கச் சுவரில் ஓர் ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கிறது. "எஸ்" என்றால் 180 கிலோமீட்டர் வரை. "எச்" என்றால் 210. "வி" என்றால் 240. "டபிள்யூ" என்றால் 270. "ஒய்" என்றால் 300. காற்று குறைந்திருந்தாலும் பாரம் கூடியிருந்தாலும் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

காற்றின் எதிர்ப்பு மற்றொரு சுவர். வேகம் இரு மடங்கானால் காற்று எதிர்த்துத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான சக்தியோ எட்டு மடங்கு! 200 கிலோமீட்டரில் காற்றைக் கிழிக்க மட்டும் 100 குதிரைச் சக்தி தேவைப்படும் காருக்கு, 250-ல் ஏறக்குறைய 195 வேண்டும், 300-ல் 337. கடைசி 50 கிலோமீட்டருக்காக அள்ளிக் கொட்ட வேண்டிய சக்தி அது.

பெரிய மனிதர்களின் வாய் வார்த்தை

250 என்ற எண் எங்கிருந்து வந்தது? எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

1973-ல் பெட்ரோல் நெருக்கடி வந்தபோது அன்றைய மேற்கு ஜெர்மனி, ஆட்டோபானில் 100 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று தடை போட்டது. மக்கள் முணுமுணுத்தனர். சில மாதங்களில், 1974 மார்ச்சில், தடை எடுக்கப்பட்டது. பிறகு "130 கிலோமீட்டருக்குள் போவது நல்லது" என்ற ஆலோசனை மட்டும் மிஞ்சியது. ஆட்டோபான் முழுவதற்குமான பொதுவான வேகத் தடை இன்றுவரை இல்லை. அங்கங்கே பல பகுதிகளுக்கு மட்டும் தனித் தடைகள் உண்டு.

1980-களில் கார்ப் புகையால் காடுகள் பட்டுப்போகின்றன என்ற கவலை ஜெர்மனியில் எழுந்தது. வேகத் தடை வேண்டும் என்ற குரல் மீண்டும் கேட்டது. அதே நேரத்தில் கார்க் கம்பெனிகளோ ஒன்றை ஒன்று மிஞ்சும் சக்தியுள்ள என்ஜின்களைச் செய்துகொண்டிருந்தன. போட்டி இப்படியே போனால் அரசாங்கம் சட்டம் போட்டுவிடும் என்ற அச்சம் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் முதலிய பெரிய கம்பெனிகள் 250-ல் நிறுத்திக்கொள்வதாகத் தங்களுக்குள் ஒப்புக்கொண்டன. இதற்குக் "கனவான்கள் ஒப்பந்தம்" என்று பெயர். பந்தயக் கார்களுக்குப் பெயர் பெற்ற போர்ஷே கம்பெனி இதில் சேரவில்லை.

சட்டம் வந்து கையைக் கட்டுமுன் தாங்களே ஒரு விரலைக் கட்டிக்கொண்டார்கள் என்றால் தவறில்லை. கட்டிய இடமும் வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லாத உயரத்தில்தான்.

ஜப்பானில் 180

ஜப்பானின் கதை வேறு. 1970-ம் ஆண்டு ஒன்றில் மட்டும் அந்நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 16,765 பேர். நாடே அதிர்ந்தது. 1970-களிலேயே ஜப்பானியக் கம்பெனிகள் உள்நாட்டில் விற்கும் கார்களை 180 கிலோமீட்டரில் நிறுத்த முன்வந்தன. 1989-லிருந்து என்ஜின் சக்தியும் 280 குதிரைச் சக்திக்கு மேல் இல்லை என்று ஒரு கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. இந்தச் சக்திக் கட்டுப்பாடு 2004-ல் கைவிடப்பட்டது. 180 மட்டும் நிலைத்தது.

2007-ல் நிஸ்ஸான் கம்பெனி "ஜி.டி.ஆர்." என்ற காரை வெளியிட்டது. 300-ஐத் தாண்டும் வல்லமை உள்ள கார். ஜப்பானியச் சாலையில் அதுவும் 180-ல் நிற்கும். ஆனால் வண்டி பந்தயத் தளத்துக்குள் நுழைந்தால், செயற்கைக் கோளின் உதவியால் தான் இருக்கும் இடத்தை அறிந்துகொள்ளும். அங்கே மட்டும் கயிற்றை அவிழ்க்க அனுமதி கிடைக்கும். மஞ்சு விரட்டுக்குத் தனித் திடல். வண்டி போகும் தெருவில் மூக்கணாங்கயிறு! இந்தக் கருவிகளில் நியாயமானது இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

சாதனையைப் பறித்த கருவி

உலகின் அதிவேகக் கார்களில் ஒன்று பிரான்சில் செய்யப்படும் புகாட்டி. 2005-ல் வந்த "வேரான்" என்ற அதன் கார், சாதாரண நிலையில் 375 கிலோமீட்டரில் நின்றுவிடும். அதற்கு மேல் போக இரண்டாவது சாவி ஒன்று உண்டு. வண்டியை நிறுத்தி அந்தச் சாவியைத் திருப்பினால், கார் தரையோடு தாழ்ந்து, பின்னால் உள்ள இறக்கை மடங்கி, 400-ஐத் தாண்டத் தயாராகும். அந்த வேகத்தில் 100 லிட்டர் பெட்ரோல் டாங்கி 12 நிமிடத்தில் காலியாகிவிடும் என்பது கணக்கு!

2010-ல் இதன் அடுத்த வடிவம், ஜெர்மனியில் உள்ள ஏரா-லெசியன் சோதனைத் தளத்தில் மணிக்கு 431.072 கிலோமீட்டர் ஓடிக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. ஆனால் வாடிக்கையாளருக்கு விற்ற கார்களோ 415-ல் நிறுத்தப்பட்டிருந்தன. காரணம்? டயரைக் காப்பாற்ற! "விற்கும் காரில் கட்டுப்பாடு, சாதனை செய்த காரில் இல்லை. இது எப்படி ஒரே கார் ஆகும்?" என்ற கேள்வி எழுந்தது. 2013 ஏப்ரலில் கின்னஸ் அந்தச் சாதனையை ரத்து செய்தது. சில நாட்களில், கட்டுப்பாட்டை நீக்குவதால் காரின் அடிப்படை அமைப்பு மாறுவதில்லை என்று கூறித் திருப்பிக் கொடுத்தது.

2019-ல் புகாட்டியின் மற்றொரு கார் 490 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த வகையில் விற்பனைக்கு வந்த காரின் எல்லை 440. எத்தனை கோடி கொடுத்து வாங்கினாலும் டயர் சொன்னதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

காசு கொடுத்தால் கயிறு நீளும்

ஜெர்மனியின் கனவான்கள் ஒப்பந்தம் இப்போது நெகிழ்ந்துவிட்டது. பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் கம்பெனிகள் தங்கள் வேகக் கார்களுக்குத் தனிக் கட்டணம் ஒன்று வைத்திருக்கின்றன. அதைக் கட்டினால் 250 என்ற எல்லை சில கார்களில் 300-க்கும் மேலே உயர்த்தப்படும். ஓட்டுகிறவருக்கு வேகப் பயிற்சியும் அதோடு சேர்த்தே தருகிறார்கள்.

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. சுவீடன் நாட்டு வால்வோ கம்பெனி, 2020-லிருந்து தனது புதிய கார்கள் எல்லாவற்றையும் 180-ல் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியமோ 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் வேறொரு கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது சாலை ஓரப் பலகையைக் கேமராவால் படித்து, அந்தச் சாலைக்கு உரிய வேகத்தை மீறினால் ஓட்டுகிறவரை எச்சரிக்கும். வேண்டாம் என்றால் அவர் அதை அணைத்துவிடலாம்.

நம் லாரிக்கு 80

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே எண்ணை எழுதியது சட்டம். 2015-ம் ஆண்டு மத்திய அரசாங்கத்தின் அறிவிப்புப்படி, லாரி, பஸ் முதலிய வண்டிகளுக்கு 80 கிலோமீட்டரில் நிறுத்தும் கருவி வேண்டும். பள்ளிக்கூட பஸ், டாங்கர் லாரி, மண் கொட்டும் டிப்பர், ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி ஆகியவற்றுக்கு 60. வாடகை டாக்சிக்கும் பின்னர் இது வந்தது. சொந்தக் காருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. 2019 ஜூலை முதல் செய்யப்படும் கார்களில் 80-ஐத் தாண்டினால் மணி அடிக்கும். 120-ஐத் தாண்டினால் விடாமல் அடிக்கும். மணிதான் அடிக்குமே தவிர வண்டி நிற்காது.

ஆகவே ஒரே சாலையில் இரண்டு நீதி ஓடுகிறது. கூலிக்கு ஓட்டுகிறவனின் வண்டியில் பூட்டு. சொந்தமாக ஓட்டுகிறவரின் வண்டியில் வெறும் மணி. இந்தியச் சாலை எதிலும் 120-க்கு மேல் போக அனுமதி இல்லை. அப்படியிருக்க, 250-ல் நிறுத்திய வெளிநாட்டுக் காரை இங்கே கொண்டுவந்து ஓட்டினால், அந்தக் கட்டுப்பாட்டால் நமக்கு என்ன லாபம்? அது டயரைக் காக்கும். கம்பெனியின் பெயரைக் காக்கும். சாலையைக் கடக்கும் கிழவியைக் காக்காது.

லாரியில் உள்ள 80 அப்படி அல்ல. வேகம் 80-லிருந்து 100-க்கு ஏறினால், அது கால் பங்கு உயர்வுதான். ஆனால் மோதும்போது வெளிப்படும் சக்தி ஒன்றரை மடங்குக்கும் மேல். பிரேக் போட்டு நிறுத்தத் தேவையான தூரமும் அதே கணக்கில் கூடும். பாரம் ஏற்றிய லாரிக்கு இது வாழ்வா சாவா என்ற வித்தியாசம்.

இருந்தும் எப்.சி. முடிந்த மறுநாளே வயரைக் கழற்றி விடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் டிரைவர் ஆசைப்பட்டுக் கழற்றுவதில்லை. "விடிவதற்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும்" என்ற நெருக்கடி கழற்ற வைக்கிறது. சென்னையிலிருந்து மும்பைக்குச் சுமார் 1,330 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் 80-லேயே ஓடினாலும் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாப்பாடு, தூக்கம், சோதனைச் சாவடி எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியும். சரக்கு அனுப்புகிறவருக்கும் தெரியாமல் இல்லை.

இங்கேதான் அந்தச் சிறு கருவி தொழிலாளியின் பக்கம் நிற்கிறது. முத்திரை வைத்த கருவி வண்டியில் இருக்கும்வரை, "வண்டி 80-க்கு மேல் போகாது, முதலாளி" என்று டிரைவர் சொல்லலாம். அது சாக்கு அல்ல; சட்டம். வயரைக் கழற்றிவிட்டால் அந்த ஒரு பதிலும் போய்விடும். பிறகு விபத்து நேர்ந்தால் வழக்கில் முதலில் நிற்பவர் டிரைவர்தான்.

கோடி ரூபாய்க் காரில் 250 என்ற எண்ணை எழுதியவர்கள், சட்டம் வருவதைத் தடுக்க எழுதினார்கள். புகாட்டியில் எழுதியவர்கள் டயருக்காக எழுதினார்கள். நம் லாரியில் எழுதிய 80 மட்டும்தான் மனிதனுக்காக எழுதியது. உள்ளே இருப்பவனுக்கும் எதிரே வருகிறவனுக்கும் சேர்த்து எழுதிய அந்த எண்ணை அழித்து எழுதாமல் விடுவது, ஓட்டுகிறவர், முதலாளி, சரக்கு அனுப்புகிறவர் ஆகிய மூவரின் பொறுப்பு.